பேனிங் படம் ஏன் கலங்கியது? ஒளிப்புள்ளியைப் படித்துப் பிழை தீர்க்கும் வழி

பந்தயக் காரைத் தொடர்ந்தபடியே கேமராவைத் திருப்பி எடுத்த படம், அதாவது பேனிங் படம், கலங்கிப்போனால், பெரும்பாலோர் உடனே கைவைப்பது ஷட்டர் வேகத்தில், அதாவது ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தில்தான். 1/60 வினாடி சரிப்படவில்லையா, 1/125. அதுவும் கலங்கியதா, 1/250. இப்படியே ஏறி 1/1000-க்குப் போய்ச் சேர்ந்தால் கார் தெளிவாக விழுந்துவிடும். ஆனால் யாரோ தடத்தின் நடுவே நிறுத்திவிட்டுப் போன கார் போல விழும். நோய் என்னவென்று பார்க்காமல் மருந்தின் அளவை மட்டும் கூட்டிக்கொண்டே போனதன் பலன் அது. நானும் பல மாதங்கள் இதைத்தான் செய்தேன்.

கலங்கிய படத்தை அழிக்கும் முன் 100 சதவீதம் பெரிதாக்கி, காரின் மேல் ஓர் ஒளிப்புள்ளியைத் தேடுங்கள். பக்கக் கண்ணாடியின் ஓரத்தில் வெயில் பட்ட மினுக்கம், முகப்பு விளக்கின் பொட்டு, ஒரு திருகாணியின் தலை, எதுவானாலும் சரி. ஷட்டர் திறந்திருந்த நேரத்தில் கேமராவும் காரும் ஒன்றுக்கொன்று எப்படி விலகின என்பது அந்தப் புள்ளியின் வடிவத்தில் பதிந்திருக்கும். அது கிடைக்கோடாக நீண்டிருக்கிறதா, செங்குத்தாக இழுபட்டிருக்கிறதா, கொக்கி போல் வளைந்திருக்கிறதா, பஞ்சு போல் உருண்டு மங்கியிருக்கிறதா என்று பாருங்கள். நான்கும் நான்கு வேறு பிழைகள். இதைப் பார்க்காமல் எந்தப் பொத்தானையும் தொட வேண்டாம்.

முதலில் ஒரு கணக்கு

ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தில் கார் எவ்வளவு தூரம் போகிறது? பேனிங்கில் வேறு எந்த எண்ணையும் விட இந்த எண் பயன்படும். மணிக்கு 180 கி.மீ. என்றால் வினாடிக்கு 50 மீட்டர். அந்தக் கார் 1/1000 வினாடியில் 5 செ.மீ. போகும், 1/125-இல் 40 செ.மீ., 1/50-இல் ஒரு முழு மீட்டர். பின்னணி இழுபட்டு விழும் கீற்றின் நீளத்தைக் காரின் நீளத்தோடு ஒப்பிட்டால், ஏறத்தாழ இந்தத் தூரமேதான் வரும். கார் 5 மீட்டர் நீளம், அது நகர்ந்தது 40 செ.மீ. என்றால், கீற்று காரின் நீளத்தில் 8 சதவீதம். நீங்கள் 70 மி.மீ. லென்ஸ் வைத்திருக்கிறீர்களா 400 மி.மீ. வைத்திருக்கிறீர்களா, 20 மீட்டர் தள்ளி நிற்கிறீர்களா 80 மீட்டர் தள்ளியா என்பதெல்லாம் இந்த விகிதத்தை மாற்றுவதில்லை. ஜூம் செய்தால் கீற்று நீளும்தான். காரும் அதே அளவுக்குப் பெரிதாகிவிடுகிறதே.

அதனால்தான் ‘பேனிங்குக்கு 1/125’ என்ற வாய்ப்பாடு பாதி இடங்களில் பொய்த்துப்போகிறது. கொண்டை ஊசி வளைவில் மணிக்கு 72 கி.மீ. வேகத்தில் ஊர்ந்து வரும் கார் 1/60 வினாடியில் 33 செ.மீ. நகர்கிறது. அதே கார் நேர்பாதையில் 288 கி.மீ. வேகத்தில் பறக்கும்போது 1/250 வினாடியிலேயே 32 செ.மீ. போய்விடுகிறது. ஷட்டர் எண்கள் நான்கு மடங்கு வேறுபட்டாலும் இரண்டு படங்களிலும் வேகம் ஒன்றுபோலத் தெரியும். தடத்தின் எந்தப் பகுதியில் நிற்கிறீர்கள் என்பதைப் பார்த்து ஷட்டரை முடிவு செய்யுங்கள்.

இன்னொன்றும் இதிலிருந்தே கிடைக்கிறது. கேமராவைத் திருப்பும் வேகத்தில் உங்களுக்கு 1 சதவீதப் பிசகு வருவதாக வைத்துக்கொள்வோம். கார் 40 செ.மீ. நகர்ந்தால், காரின் மேல் விழும் கலங்கல் 4 மி.மீ. அளவுக்கு இருக்கும். பெரிய அச்சில்கூட யாரும் குறை சொல்ல மாட்டார்கள். கார் ஒரு மீட்டர் நகர்ந்தால் அதே பிசகு 10 மி.மீ. ஆகிவிடும், காரின் மேலிருக்கும் சின்ன எழுத்துகள் கரைந்துபோகும். மெதுவான ஷட்டர் புதிதாக எந்தப் பிழையையும் உண்டாக்குவதில்லை. ஏற்கனவே கையில் இருக்கும் பிழையைப் பெருக்கிக் காட்டுகிறது.

புள்ளி கிடைக்கோடாக நீண்டிருக்கிறது

அதிகம் வருவது இதுதான். கார் போன வேகமும் நீங்கள் திரும்பிய வேகமும் ஒத்துப்போகவில்லை. ஆனால் முந்திவிட்டீர்களா பிந்திவிட்டீர்களா? ஒற்றைப் படம் அதைச் சொல்லாது. அடுத்தடுத்து எடுத்த படங்களைப் புரட்டிப் பார்த்தால் தெரியும். கார் சட்டத்துக்குள் படத்துக்குப் படம் முன்பக்கமாக நழுவிக்கொண்டே போனால், நீங்கள் பிந்துகிறீர்கள். பின்பக்கமாக நழுவினால் முந்துகிறீர்கள். ஆரம்பத்தில் எல்லாரும் பிந்துகிறார்கள். ஓரிரு மாதப் பழக்கத்துக்குப் பிறகு, கார் தப்பிவிடுமோ என்ற பதற்றத்தில் முந்த ஆரம்பிக்கிறார்கள்.

இதற்குக் கையின் தடுமாற்றம் மட்டும் காரணமல்ல. கார் ஒரே சீரான வேகத்தில் போனாலும், அதைத் தொடர நீங்கள் திரும்ப வேண்டிய வேகம் சீராக இருப்பதில்லை. தூரத்தில் வரும்போது கேமராவை மெல்ல நகர்த்தினால் போதும். உங்களுக்கு நேர் எதிரே கடக்கும்போது அந்த வேகம் உச்சத்துக்குப் போகிறது. 50 மீட்டர் தள்ளி 180 கி.மீ. வேகத்தில் ஒரு கார் கடந்தால், நேர் எதிரே வினாடிக்குச் சுமார் 57 பாகை திரும்ப வேண்டும். 45 பாகை முன்னால் இருக்கும்போது அதில் பாதி போதும். கவனிக்க வேண்டியது, இந்த மாற்றம் எங்கே கடுமையாக இருக்கிறது என்பதுதான். நேர் எதிருக்கு இருபுறமும் 30 பாகை சுற்றியுள்ள இடத்தில் திருப்பும் வேகம் மிக விரைவாக மாறுகிறது. நேர் எதிரே சில கணங்களுக்கு அது ஏறக்குறைய மாறாமல் நிற்கிறது. ஆகவே தெளிவு வேண்டுமானால் கார் நேர் எதிரே வரும் அந்தச் சில கணங்களுக்குள் எடுங்கள். முன்னதாகவே அழுத்திவிடும் பழக்கம் இருந்தால், கடினமான இடத்தை நீங்களே தேடிப்போய் மாட்டிக்கொள்கிறீர்கள் என்று பொருள்.

உடம்பை வைத்துக்கொள்ளும் விதமும் இங்கேதான் வருகிறது. எந்த இடத்தில் படம் எடுக்கப்போகிறீர்களோ அந்த இடத்தை நோக்கிக் கால்களை ஊன்றிக்கொள்ளுங்கள். பிறகு இடுப்புக்கு மேலே மட்டும் முறுக்கி, கார் வரும் திசைக்குத் திரும்புங்கள். கார் நெருங்க நெருங்க முறுக்கு அவிழும். படம் எடுக்கும் கணத்தில் உடம்பு இயல்பான நிலைக்கு வந்திருக்கும். பலரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்: கார் வரும் பக்கம் பார்த்துக் கால் ஊன்றுவதால், தேவையான இடத்துக்கு வரும்போது இடுப்பு முறுகி, அதற்கு மேல் திரும்ப முடியாமல் முட்டி நிற்கிறது. முட்டும் அந்தக் கணத்தில்தான் அவர்களுடைய ஷட்டர் திறக்கிறது.

புள்ளி நேர்கோடாக இல்லாமல் படிக்கட்டு போல உடைந்தோ, முதலில் ஒரு பக்கமும் பிறகு மறுபக்கமும் இழுபட்டோ இருந்தால், உங்கள் கையை விட்டுவிட்டு லென்ஸின் பக்கவாட்டுப் பொத்தானைப் பாருங்கள். அதிர்வு தடுக்கும் அமைப்பு, நீங்கள் வேண்டுமென்றே திருப்புவதையும் நடுக்கம் என்று எண்ணி எதிர்த்திசையில் இழுக்கிறது. கேனான், சோனி, சிக்மா நிறுவனங்களின் தொலைநோக்கு லென்ஸ்கள் பலவற்றில் ‘மோடு 2’ என்ற நிலை பேனிங்குக்கென்றே இருக்கிறது. திருப்பும் திசையை விட்டுவிட்டு, குறுக்கே வரும் ஆட்டத்தை மட்டும் அது திருத்தும். நிக்கான் லென்ஸ்களில் ‘நார்மல்’ நிலையிலேயே பேனிங்கை லென்ஸ் உணர்ந்துகொள்ளும். ‘ஆக்டிவ்’ நிலை ஓடும் வண்டிக்குள்ளிருந்து எடுப்பவர்களுக்கானது. இப்படி எந்தத் தேர்வும் இல்லாத பழைய லென்ஸ் என்றால் அமைப்பையே அணைத்துவிடுங்கள். ஒருமுறை முதல் நாள் பயிற்சிச் சுற்றுகள் முழுவதையும் சாதாரண நிலையான மோடு 1-இல் எடுத்துவிட்டு, இரவில் அத்தனை படங்களையும் பார்த்தபடி என் கைகளைத் திட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கைகள் குற்றமற்றவை. பையிலிருந்து எடுக்கும்போது பொத்தான் நகர்ந்திருக்கிறது. இப்போது அதன்மேல் ஒரு துண்டு ஒட்டுநாடா.

மேலும் கீழுமாக இழுபட்டிருக்கிறது, அல்லது கொக்கி போல வளைந்திருக்கிறது

செங்குத்து இழுப்பில் குற்றவாளிகள் இருவர்: நீங்கள், கார். யாரென்று கண்டுபிடிக்கப் பின்னணிக் கீற்றுகளைப் பாருங்கள். காரின் புள்ளியும் பின்னணிக் கீற்றும் சேர்ந்து அலைபாய்ந்திருந்தால் உங்கள் கைதான். பின்னணிக் கீற்றுகள் அளவுகோல் வைத்துக் கிழித்தாற்போல் நேராக ஓட, காரின் புள்ளி மட்டும் மேலே எகிறியிருந்தால், கார் துள்ளியிருக்கிறது. தடத்தின் ஓரத்தில் சிவப்பும் வெள்ளையுமாகப் பதித்த ஓரக்கற்களின் மேல் சக்கரம் ஏறும் இடங்களில் இது வரும். அங்கே 1/60 வைத்துக்கொண்டு எவ்வளவு பயிற்சி செய்தாலும் பயனில்லை. 1/250-க்கு ஏறுங்கள், அல்லது பத்து மீட்டர் தள்ளிப்போய் நில்லுங்கள்.

கை என்று தெரிந்துவிட்டால், முதலில் சந்தேகப்பட வேண்டியது விரல். பொத்தானைக் குத்தும் விரல் கேமராவின் வலது தோளைக் கீழே தள்ளுகிறது. புள்ளி கொக்கி போல வளைவது பெரும்பாலும் இதனால்தான். பொத்தானை முன்கூட்டியே பாதி அழுத்தி, விரல் நுனியை உருட்டினாற்போல மீதியை அழுத்துங்கள். மூன்று நான்கு படங்கள் தொடர்ச்சியாக எடுத்தால் முதல் படத்தில் கொக்கி விழுந்தாலும் இரண்டாவதும் மூன்றாவதும் தப்பிவிடும். விரல் அதற்குள் கீழே அமர்ந்துவிட்டிருக்கும்.

கொக்கியின் வளைவு கேமரா திரும்பும் திசையிலேயே, அதாவது கிடையாக இருந்தால், கதை வேறு. ஷட்டர் ஒலி கேட்டவுடன் திரும்புவதை நிறுத்திவிடுகிறீர்கள். 1/30 வினாடி என்பது ஷட்டர் சத்தத்துக்கும் உங்கள் அவசரத்துக்கும் இடையே நன்றாக மாட்டிக்கொள்ளும் அளவுக்கு நீளமானது. பந்து மட்டையை விட்டுப் போன பிறகும் ஆட்டக்காரரின் மட்டை சுழன்று முடிவதைப் பார்த்திருப்பீர்கள். படம் எடுத்த பிறகும் காரை அப்படியே தொடர்ந்து, அது சிறிதாகும்வரை திரும்புங்கள்.

மோனோபாட் (ஒற்றைக்கால் தாங்கி) வைத்திருந்தால் லென்ஸ் வளையத்தின் திருகைத் தளர்த்தாதீர்கள். கோலோடு சேர்ந்து நீங்களும் திரும்ப வேண்டும். திருகு தளர்ந்திருந்தால் சட்டமே சாய்ந்துபோகும். டிரைபாட் (முக்காலி) என்றால் தலை மட்டமாக இருக்கிறதா என்று பாருங்கள். கால்கள் கோணலாக நின்றால் கேமரா திரும்பும் பாதை வில் போல வளையும். கார் ஒரு மூலையில் நுழைந்து எதிர் மூலையில் வெளியேறும். தடமே ஏற்றமோ இறக்கமோ ஆக இருந்தால் கேமராவையும் அந்தச் சரிவுக்கு இணையாகவே திருப்ப வேண்டும். மட்டமாகத் திருப்பினால் கார் குறுக்காக நழுவிச் செல்லும்.

புள்ளி வட்டமாக மங்கியிருக்கிறது

இது மட்டும்தான் ஃபோகஸ் பிழை. எல்லாக் கலங்கலுக்கும் ஃபோகஸைக் குறை சொல்பவர்களுக்கு ஒரு கணக்கு: முழுச்சட்ட (ஃபுல் ஃப்ரேம்) கேமரா, 200 மி.மீ. லென்ஸ், லென்ஸ் துளை எஃப் 8, 50 மீட்டர் தூரம். தெளிவாக விழும் பகுதி ஏறத்தாழ 38 மீட்டரிலிருந்து 71 மீட்டர் வரை. அகலமான தடமே முழுவதும் அதற்குள் அடங்கிவிடும். எஃப் 2.8-இல்கூட 45-இலிருந்து 56 மீட்டர் வரை கிடைக்கிறது. கார் நேர் எதிரே கடக்கும்போது அதன் தூரமும் அதிகம் மாறுவதில்லை: 50 மீட்டர் தள்ளி இருக்கும் கார் இருபுறமும் 5 மீட்டர் நகர்ந்தாலும் தூர வித்தியாசம் 25 செ.மீ.தான். பக்கவாட்டு பேனிங்கில் ஃபோகஸ் பழியைச் சுமப்பதுதான் அதிகம், பிழை செய்வது குறைவு.

உண்மையிலேயே புள்ளி உருண்டு மங்கியிருந்தால், ஃபோகஸ் எங்கே போனது என்று தார்ப்பரப்பைக் கேளுங்கள். தடத்தின் மேல் விழுந்த கீற்றுகளைக் கீழிருந்து மேலாகப் பார்த்துக்கொண்டே வாருங்கள். ஃபோகஸ் விழுந்த தூரத்தில் அவை மயிரிழை போல மெல்லியதாக இருக்கும். மற்ற இடங்களில் பட்டையாகத் தடித்திருக்கும். மெல்லிய இழைகள் காருக்கு முன்னால் இருந்தால் லென்ஸ் கிட்டத்தில் நின்றுவிட்டது. பின்னால் இருந்தால் வேலியையோ விளம்பரப் பலகையையோ பிடித்துக்கொண்டது.

நகரும் பொருளை விடாமல் பின்தொடரும் தொடர் ஃபோகஸ் முறையில் இருக்கிறீர்களா என்பதை முதலில் உறுதி செய்யுங்கள். பிறகு ஃபோகஸ் புள்ளியை எங்கே வைக்கிறீர்கள் என்று பாருங்கள்: ஒரே வண்ணத்தில் வழவழவென்றிருக்கும் கதவில் கேமராவுக்குப் பிடிப்பு கிடைக்காது. பந்தய எண், ஓட்டுநரின் தலைக்கவசம், பக்கக் கண்ணாடி போன்ற மாறுபாடு உள்ள இடம் வேண்டும். புதிய கேமராக்களில் வாகனத்தை அடையாளம் காணும் வசதி இருக்கிறது. சில தலைக்கவசத்தையே தேடிப் பிடிக்கும். அதுவும் ஏமாற்றினால் பழைய வழி இருக்கவே இருக்கிறது. கார் கடக்கும் இடத்தில் தார்ப்பரப்பில் ஒரு டயர்த் தடத்தையோ ஒட்டுப்போட்ட இடத்தையோ பிடித்து ஃபோகஸ் வைத்து, கைமுறைக்கு மாற்றிவிட்டுக் காத்திருங்கள். மேலே சொன்ன கணக்கு இருக்கும்வரை இது தோற்காது.

மூக்கு தெளிவு, வால் கலங்கல்

நன்றாகப் பழகியவர்களையும் குழப்பும் பிழை இது. கேமரா அமைப்பில் எதை மாற்றினாலும் எளிதில் போகாது. நீங்கள் தடத்துக்கு மிக அருகில் நிற்கிறீர்கள். காரின் நடுப்பகுதி உங்களுக்கு நேர் எதிரே இருக்கும்போது, அதன் மூக்கும் வாலும் சற்றுத் தள்ளிச் சாய்கோணத்தில் இருக்கின்றன. சாய்கோணத்தில் இருப்பது உங்கள் கண்ணுக்கு மெதுவாக நகர்கிறது. கார் ஒரே துண்டுதான், ஆனாலும் நடுவுக்கு ஒரு வேகம், நுனிகளுக்கு வேறு வேகம். கேமராவை ஒரே வேகத்தில்தான் திருப்ப முடியும்.

எவ்வளவு வித்தியாசம்? 5 மீட்டர் கார், 180 கி.மீ., 1/60 வினாடி. 15 மீட்டரில் நின்றால் நடுப்பகுதி தெளிவாக விழும்போது இரு நுனிகளிலும் சுமார் 22 மி.மீ. கலங்கல். 50 மீட்டரில் நின்றால் அது 2 மி.மீ.தான். 22 மி.மீ. கலங்கலில் மூக்கின் மேலிருக்கும் விளம்பர எழுத்துகள் படிக்க முடியாமல் போகும். உங்கள் கை எவ்வளவு திறமையானதாக இருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது. பின்னால் போய், நீளமான லென்ஸைப் பொருத்துங்கள். முடியாவிட்டால் எதைத் தெளிவாகக் காட்ட வேண்டும் என்று முடிவு செய்யுங்கள். நான் தலைக்கவசத்தைத் தேர்ந்தெடுப்பேன்; மீதி கலங்கட்டும். கண் முதலில் ஓட்டுநரைத்தான் தேடுகிறது.

கார் முக்கால் பக்கமாக உங்களை நோக்கி வரும்போது இது இன்னும் கூடும். அப்போது கார் நகர்வதோடு சட்டத்துக்குள் பெரிதாகிக்கொண்டும் வருகிறது. அந்தக் கோணத்தில் பக்கவாட்டில் வைத்த ஷட்டரை விட இரண்டு மடங்கு வேகமாக வையுங்கள்.

இதற்கு நேர்மாறான ஓர் இடமும் தடத்தில் உண்டு: வளைவின் உட்புறம். வளைவு ஒரு வட்டத்தின் பகுதி என்றால், அந்த வட்டத்தின் மையத்துக்கு அருகில் நிற்பவருக்கு காரின் தூரம் மாறுவதில்லை, திரும்ப வேண்டிய வேகம் மாறுவதில்லை, காரின் எந்தப் பக்கம் தெரிகிறது என்பதும் மாறுவதில்லை. கயிற்றில் கட்டிச் சுழற்றும் கல்லைப் போல கார் உங்களைச் சுற்றி வருகிறது. மூக்கும் வாலும் ஒருசேரத் தெளிவாக விழும். 1/15, 1/8 போன்ற துணிச்சலான வேகங்களை முயல விரும்புகிறவர்கள் அங்கே போய் நில்லுங்கள். வளைவின் வெளிப்புறம் இதற்கு எதிர். பார்வையாளர்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் அந்த வெளிப்புறம்தான் என்பது வேறு விஷயம்.

கார் பளிச்சென்று இருக்கிறது, ஆனால் நிற்கிறது

ஷட்டர் வேகம் கூடிப்போயிற்று. சக்கரத்தைப் பாருங்கள். பந்தயக் கார்ச் சக்கரத்தின் சுற்றளவு சுமார் 2 மீட்டர். கார் 40 செ.மீ. நகர்ந்தால் சக்கரம் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 72 பாகை சுழலும். ஐந்து ஆரம் உள்ள சக்கரத்தில் ஓர் ஆரம் அடுத்ததன் இடத்தைத் தொட்டுவிடும். ஆரங்கள் மறைந்து வட்டத்தகடு போலத் தெரியும். 10 செ.மீ. மட்டும் நகர்ந்தால் 18 பாகைதான், ஆரங்களை எண்ணிவிடலாம். எண்ண முடிகிற சக்கரம், கார் நிற்கிறது என்று பார்ப்பவரிடம் சொல்லிவிடும். 2022-இல் ஃபார்முலா 1 கார்களின் சக்கரங்களுக்கு மூடி வந்தபோது இந்தச் சோதனை அங்கே கைவிட்டுப்போனது. டயரின் பக்கவாட்டில் இருக்கும் வண்ண எழுத்துகள் வளையமாக இழைந்திருக்கின்றனவா என்று பார்க்கலாம்.

சக்கரம் சுழன்றிருந்தும் கார் நிற்பது போலவே தோன்றினால், பின்னணி மொட்டையாக இருக்கிறது. வெறும் வானம், ஒரே நிறச் சுவர், வெயிலில் வெளுத்த மணல்வெளி: இவற்றில் கீற்று விழுவதற்கே ஒன்றுமில்லை. பின்னணி தொலைவில் இருந்தால் அதிகம் இழுபடும் என்று பலர் நம்புகிறார்கள். அப்படியில்லை. நீங்கள் நின்ற இடத்திலேயே கேமராவைத் திருப்புவதால், அசையாத எல்லாப் பொருளும், பத்து மீட்டரில் இருந்தாலும் ஒரு கிலோமீட்டரில் இருந்தாலும், ஒரே கோண அளவுக்குத்தான் இழுபடும். தேட வேண்டியது தூரத்தை அல்ல, வண்ணத்தை. கூட்டம் நிறைந்த இருக்கைகள், விளம்பரப் பலகைகள், இடைவெளி விட்டு நிற்கும் மரங்கள் நல்ல கீற்று தரும். வெள்ளைக் கம்பம் ஒன்று தனியாக நின்றால் அது காரின் மேல் அகலமான வெள்ளைப் பட்டையாகத் தேய்ந்து படத்தைக் கெடுக்கும். இரண்டடி நகர்ந்து நில்லுங்கள்.

கார் சட்டத்துக்குள் இருப்பதே இல்லை

முதல் படத்தில் நடுவில் இருக்கும் கார் நான்காவது படத்தில் பாதி வெளியே போய்விடுகிறது என்றால், வியூஃபைண்டர் (கண் வைத்துப் பார்க்கும் திரை) உங்களுக்குப் பழைய செய்தியைக் காட்டிக்கொண்டிருக்கலாம். கண்ணாடியில்லா (மிரர்லெஸ்) கேமராக்கள் சிலவற்றில் தொடர்ச்சியாக எடுக்கும்போது திரையில் தெரிவது அந்தக் கணத்தின் காட்சி அல்ல, சற்று முன் எடுத்த படம். எடுத்த படத்தை உடனே காட்டும் வசதியை அணைத்துவிடுங்கள். திரையின் புதுப்பிப்பு வேகத்தைக் கூட்டுங்கள். தொடர் வேகத்தை ஒரு படி குறைத்தால், பல கேமராக்களில் படங்களுக்கு நடுவே உயிருள்ள காட்சி திரும்ப வந்துவிடும். இடது கண்ணைத் திறந்து வைத்துக்கொள்ளப் பழகுவதும் உதவும். ஒரு வாரம் தலை வலிக்கும், பிறகு பழகிவிடும். அதுவரை கொஞ்சம் அகலமாக எடுத்து, பின்னர் வெட்டிக்கொள்ளுங்கள்.

கம்பங்கள் சாய்கின்றன, சக்கரம் முட்டை வடிவமாகிறது

மின்னணு ஷட்டர். சென்சார் படத்தை மேலிருந்து கீழாக வரிவரியாகப் படிக்கிறது. சாதாரணக் கேமராக்களில் அதற்கு 1/20, 1/30 வினாடி போலப் பிடிக்கும். அதற்குள் நீங்கள் திரும்பிவிடுகிறீர்கள். செங்குத்தான கம்பத்தின் அடி ஓரிடத்திலும் தலை வேறிடத்திலும் பதிகின்றன. ஷட்டர் வேகத்தை 1/2000 ஆக்கினாலும் இது போகாது. பிரச்சினை வரிகளைப் படிக்கும் வேகத்தில் இருக்கிறது. இயந்திர ஷட்டருக்கு மாறுங்கள். நிக்கான் இசட் 9 போல வேகமாகப் படிக்கும் சென்சார் உள்ளவர்களுக்கும், 2023-இல் அறிவிக்கப்பட்ட சோனி ஏ 9 III போல எல்லா வரிகளையும் ஒரே கணத்தில் படிக்கும் கேமரா உள்ளவர்களுக்கும் இந்தக் கவலை இல்லை.

இது புதிய பிழையும் அல்ல. ஜாக் ஆன்றி லார்த்திக் என்ற பிரெஞ்சுக்காரர் 1910-களின் தொடக்கத்தில் எடுத்த கிராண்ட் பிரீ படத்தில் காரின் பின்சக்கரம் முன்னோக்கிச் சாய்ந்த முட்டையாகவும், ஓரத்தில் நிற்பவர்கள் பின்னோக்கிச் சாய்ந்தவர்களாகவும் விழுந்திருக்கிறார்கள். மெதுவாக நகர்ந்த திரை ஷட்டர், காரின் வேகத்துக்கு எட்டாத பேனிங், இரண்டும் சேர்ந்த விளைவு அது. அந்தப் படம் இன்று கொண்டாடப்படுகிறது. அதைக் காட்டி உங்கள் பிழையை நியாயப்படுத்தலாம், நானும் முயன்றிருக்கிறேன், யாரும் ஒப்புக்கொள்ளவில்லை.

படம் வெளுத்துப்போகிறது, அல்லது எங்கும் கரும்புள்ளிகள்

உச்சி வெயிலில் ஐ.எஸ்.ஓ. (ஒளி உணர்திறன்) 100, எஃப் 16 வைத்தால் ஷட்டர் சுமார் 1/100-இல் நிற்கும். 1/30 வேண்டுமென்றால் ஒன்றேமுக்கால் ஸ்டாப் அளவுக்கு ஒளி மிஞ்சுகிறது (ஒரு ஸ்டாப் என்றால் இரண்டு மடங்கு ஒளி). எஃப் 22-உம் போதாது. மேலும் அவ்வளவு சிறிய துளையில் சென்சாரின் மேல் ஒட்டியிருக்கும் தூசியெல்லாம் வானத்தில் புள்ளிபுள்ளியாகத் தெரியும். ஒளியின் விளிம்பு விளைவால் மொத்தப் படமும் கொஞ்சம் மழுங்கும். ஒளியைக் குறைக்கும் என்.டி. 8 வடிகட்டி ஒன்றைப் பொருத்தினால் மூன்று ஸ்டாப் குறையும். அதே 1/30-ஐ எஃப் 10 அளவில் எடுக்கலாம். போலரைசர் வடிகட்டி வைத்திருந்தால் அதுவும் சுமார் ஒன்றரை ஸ்டாப் குறைக்கும், முன்கண்ணாடியின் பிரதிபலிப்பையும் வெட்டும்.

ஒரே சுற்றில் வெள்ளைக் கார் மங்கலாகவும் கறுப்புக் கார் வெளுத்தும் வந்தால், கேமரா ஒவ்வொரு காருக்கும் தனித்தனியாக ஒளியை அளக்கிறது. கைமுறைக்கு மாற்றுங்கள்; வெயில் எல்லாக் கார்களுக்கும் ஒன்றுதான்.

வேலி குறுக்கே விழுகிறது

கம்பி வலைக்குப் பின்னால் நிற்க வேண்டியிருந்தால் லென்ஸை வலையோடு ஒட்டி வைத்து, துளையை அகலமாகத் திறங்கள். கேமரா திரும்பும்போது வலையும் தேய்ந்து கரையும். அதனால் மெதுவான ஷட்டர் இங்கே நண்பன். எஞ்சுவது ஒரு மெல்லிய வெண்புகை போன்ற மங்கல்தான். வெயில் படாத வலைப்பகுதியைத் தேர்ந்தெடுத்தால் அதுவும் குறையும். ஃபோகஸ் வலையில் போய் மாட்டிக்கொண்டால் லென்ஸில் உள்ள தூர வரம்புப் பொத்தானைப் போட்டு, கிட்டத்துத் தூரங்களைத் தேடாமல் தடுத்துவிடுங்கள்.

காலையில் நன்றாக வந்தது, மதியத்துக்குப் பிறகு எதுவும் தெளிவில்லை

கை தளர்ந்திருக்கலாம், கனமான லென்ஸை மணிக்கணக்காகத் தூக்கினால் புள்ளிகள் செங்குத்தாக இழுபடத் தொடங்கும். ஆனால் புள்ளி எந்த வடிவத்திலும் அடங்காமல், காரின் முன்பகுதியில் ஒரு மாதிரியும் கதவில் வேறு மாதிரியும் நெளிந்திருந்தால், அடுத்த படத்தில் இன்னொரு மாதிரி நெளிந்திருந்தால், அது கானல். சூடேறிய தாரின் மேல் காற்று அலைகிறது, 400 மி.மீ., 500 மி.மீ. லென்ஸ்கள் அந்த அலையையும் சேர்த்துப் பெரிதாக்குகின்றன. நின்ற காரை 1/2000-இல் எடுத்துப் பாருங்கள்: அதுவும் நெளிந்திருந்தால் சந்தேகமில்லை. இதற்கு மென்பொருளில் தீர்வு தேடாதீர்கள். கூர்மையைக் கூட்டினால் நெளிவும் சேர்ந்து கூர்மையாகும். தடத்துக்கு நெருக்கமான இடத்துக்குப் போய்க் குட்டையான லென்ஸைப் பொருத்துங்கள். முடிந்தால் மேட்டில் ஏறி, பார்வை தாரை உரசிச் செல்லாமல் மேலிருந்து விழும்படி நில்லுங்கள். தூரத்திலிருந்து நீளமான லென்ஸில் எடுக்க வேண்டிய படங்களைக் காலைச் சுற்றுகளிலேயே முடித்துக்கொள்ளுங்கள்.